ஞாயிற்றுக்கிழமையும் இனி வேட்டை நாள்தானா? பென்சில்வேனிய வேட்டை நிலங்களில் நடப்பவர்களுக்கான விதிகள்

கேள்வி: 2025 செப்டம்பர் 21, ஞாயிறு

ஹாரிஸ்பர்க் பக்கம் குடிவந்து ஓராண்டு ஆகிறது. எங்கள் நடைக் குழு அடிக்கடி 'ஸ்டேட் கேம் லேண்ட்' என்று பலகை வைத்த காடுகளுக்குப் போகிறது. மற்ற நாட்கள் வேட்டைக்காரர்களுக்கு, ஞாயிறு நமக்கு, அன்று சுடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று குழுவின் மூத்தவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இன்று காலை போனால் வண்டி நிறுத்துமிடத்தில் பிக்கப் வண்டிகள் நிற்கின்றன, தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கிறது. யார் சொல்வது சரி? குழந்தைகளோடு போகலாமா?

செப்டம்பர் 22

உங்கள் மூத்தவர் சொல்வது நூறாண்டுக்கும் மேலாக உண்மையாக இருந்தது. நரி, காகம், கயோட்டி போன்ற சிலவற்றைத் தவிர வேறெதையும் ஞாயிறன்று வேட்டையாட இந்த மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. 2019இல் வந்த சட்டம் ஆண்டுக்கு மூன்று ஞாயிறுகளைத் திறந்துவிட்டது. இந்த ஆண்டு ஜூலையில் ஆளுநர் ஜோஷ் ஷபிரோ கையெழுத்திட்ட சட்டம் எஞ்சியிருந்த தடையையும் நீக்கி, எந்த ஞாயிறை எந்த விலங்குக்குத் திறப்பது என்னும் முடிவை மாநில வனவிலங்குத் துறையான கேம் கமிஷனிடமே ஒப்படைத்துவிட்டது. கமிஷன் செப்டம்பர் 14 தொடங்கி டிசம்பர் 7 வரை வரிசையாக 13 ஞாயிறுகளை அறிவித்திருக்கிறது. நீங்கள் போனது அந்தப் பதின்மூன்றில் இரண்டாவது ஞாயிறு. செப்டம்பர் நடுவிலேயே அணில் வேட்டை தொடங்கிவிடும் என்பதால் வெடிச் சத்தத்தில் வியப்பில்லை.

குழந்தைகளோடு போகலாம். நடப்பவர்களுக்கு அங்கே தடை எந்த நாளிலும் இல்லை, வேட்டைப் பருவத்தின் நடுவிலும் இல்லை. ஆனால் போகும் நாளையும் நேரத்தையும் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் அந்த நிலத்தின் விதிகள் பெரும்பாலும் இடத்தைப் பிரிப்பதில்லை, நேரத்தைப் பிரிக்கின்றன.

செப்டம்பர் 24

கீழே ஒருவர் "மூன்று ஞாயிறுகள் மட்டும்தான், கையேட்டில் பார்த்தேன்" என்கிறார். கமிஷனின் பழைய பருவக் கையேடாக இருக்கும். மூன்று என்பது 2020 பருவத்திலிருந்து சென்ற பருவம் வரை நடப்பில் இருந்த கணக்கு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: வாத்து முதலிய வலசைப் பறவைகளுக்கு இந்த ஞாயிறு அனுமதி பொருந்தாது. ஆகவே ஞாயிறன்று சதுப்பு நிலத்தின் பக்கம் நடப்பவருக்குப் பழைய அமைதி ஓரளவு மிச்சமிருக்கிறது.

செப்டம்பர் 28

நேற்று மாமனாரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், முண்டந்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் காட்டுக்குள் போவதற்கு வண்டி எண்ணும் பெயரும் எழுதிக் கொடுத்துப் பழகியவர். இங்கே சரளை போட்ட ஒரு திடல், ஒரு கம்பித் தடுப்பு, ஒரு அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். "மாப்பிள்ளை, சீட்டுக் கேக்க ஆளில்ல, பேர் எழுதுற நோட்டும் இல்ல, இது யாரோட காடு?" என்றார். அந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரிந்துவிட்டால் இங்குள்ள விதிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பென்சில்வேனியக் காடுகள் பெரும்பாலும் வெட்டித் தீர்க்கப்பட்டிருந்தன. வெள்ளைவால் மான் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. 1895இல் கேம் கமிஷன் ஏற்பட்டது. 1913இல் உள்ளூர் வேட்டைக்காரர்களும் ஒரு டாலர் கட்டி உரிமம் எடுக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்த டாலர்கள் சேர்ந்துதான் 1920இல் எல்க் கவுண்டியில் முதல் நிலம் வாங்கப்பட்டது. அதன்பின் மரம் வெட்டிய நிறுவனங்கள் கைவிட்ட மலைச்சரிவுகளும் வரி கட்ட முடியாமல் போன பண்ணைகளும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, இன்று 67 கவுண்டிகளில் பிலடெல்பியா, டெலவேர் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலுமாக முந்நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாக 15 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. மாநிலத்தின் பொது வரிப்பணம் கமிஷனுக்கு வருவதில்லை.

எனவே இவை பூங்காக்கள் அல்ல. மாநிலப் பூங்காக்களையும் மாநிலக் காடுகளையும் நடத்துவது வேறொரு துறை. அங்கே கழிப்பறை, மேசை, குடிநீர் எல்லாம் இருக்கும். பூங்காவில் நுழைவுக் கட்டணமும் இல்லை. கேம் லேண்டில் விலங்கின் வாழிடம் முதலாவது, வேட்டை இரண்டாவது, மற்றவை எல்லாம் அவற்றுக்கு இடையூறு இல்லாத அளவுக்கு மட்டும். "யாரோட காடு?" என்று கேட்டவரிடம் வேட்டைக்காரர்கள் காசு போட்டு வாங்கியது என்றேன். "அப்போ நாம விருந்தாளி" என்றார் அவர். அந்தச் சொல் எனக்கு முழுவதும் ஒப்பவில்லை. ஏன் என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அக்டோபர் 5

தனிமடலில் பலர் ஒரே பட்டியலைக் கேட்கிறார்கள். பட்டியலாகக் கொடுத்தால் மறந்துவிடுவீர்கள், காரணத்தோடு சொல்கிறேன்.

கூடாரம் போட்டுத் தங்கக் கூடாது. ஒரே விலக்கு அப்பலாச்சியன் டிரெயில் என்னும் நெடுந்தூர நடைபாதை வழியாக நடந்து கடப்பவர்களுக்கு: ஓரிரவு மட்டும், பாதையிலிருந்து 200 அடிக்குள், ஓடைக்கோ ஊற்றுக்கோ 500 அடிக்கு அப்பால். வார இறுதிக்குக் கூடாரம் வேண்டும் என்றால் மாநிலக் காட்டுக்குப் போங்கள். அங்கே முதுகுப்பையோடு நடந்து போய் ஒரே இடத்தில் ஓரிரவு மட்டும் தங்குபவருக்குப் பொதுவாக அனுமதிச் சீட்டுக்கூடத் தேவையில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் கேம் லேண்டில் கூடாரம் அடித்து, நள்ளிரவில் கமிஷனின் காவல் அதிகாரியான வார்டனின் கைவிளக்கு முகத்தில் விழ விழித்துக்கொண்ட இளைஞர்கள் உண்டு.

செடி, பூ, கொடி, விறகு எதையும் வெட்டவோ பிடுங்கவோ கூடாது. காளானும் பெர்ரிப் பழங்களும் சொந்த உபயோகத்துக்குப் பறிக்கலாம். வசந்தத்தில் முளைக்கும் காட்டு வெங்காயத்தைக் கிழங்கோடு தோண்டி வந்து துவையல் அரைத்ததாகக் குழுவில் ஒருவர் பெருமையாகப் படம் போட்டிருந்தார். துவையல் நன்றாகவே இருந்திருக்கும், ஆனால் தோண்டுவது விதிமீறல், அதற்கு ஆதாரப் படத்தையும் அவரே வெளியிட்டிருக்கிறார்.

ட்ரோன் கூடாது. கமிஷன் 2016இலேயே தடுத்துவிட்டது.

சைக்கிளும் குதிரையும்தான் சிக்கலானவை. பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த சாலைகளிலும் அதற்கென்று குறித்த பாதைகளிலும் ஓட்டலாம். மற்ற இடங்களுக்குக் காலக் கட்டுப்பாடு உண்டு: செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை முதல் ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை வரை கூடாது; ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை முதல் மே கடைசிச் சனிக்கிழமை வரை பிற்பகல் 1 மணிக்கு முன் கூடாது. அந்த ஒரு மணிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நெடுநாள் விளங்காமல் இருந்தது. வசந்தகால வான்கோழி வேட்டை, பருவத்தின் முதற்பாதியில் நண்பகலோடு முடிந்துவிடும். வேட்டைக்காரர் காலையில் சேவலின் குரல் கேட்டு மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து போக ஒரு மணி நேரம் கொடுத்து, அதன்பின் சைக்கிளை விடுகிறார்கள். இப்படிக் கடிகாரத்தை வைத்துப் பங்கு போடுவதைத்தான் முதல் குறிப்பில் நேரத்தைப் பிரிக்கும் விதி என்றேன்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஞாயிறு விலக்கு ஒன்று உண்டு. ஞாயிறு வேட்டை இல்லாத காலத்தில் எழுதியது அது. அதை மட்டும் நம்பி இந்த இலையுதிர் காலத்தில் சைக்கிளை வண்டியில் ஏற்றாதீர்கள். நடப்புப் பருவக் கையேட்டைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அக்டோபர் 6

"எங்கேதான் சைக்கிள் ஓட்டுவது?" என்றால் ஹாரிஸ்பர்க்குக்கு அருகில் இருப்பவருக்கு விடை எளிது: ஸ்டோனி பள்ளத்தாக்கில் உள்ள 211ஆம் எண் கேம் லேண்ட். கைவிட்ட பழைய ரயில் தடம் பாதையாகக் கிடக்கிறது. சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்து கலைந்துபோன ரவுஷ் கேப் ஊரின் அடித்தளக் கற்களும் ஒரு சிறு கல்லறைத் தோட்டமும் வழியில் வரும். அங்கேயே அப்பலாச்சியன் டிரெயிலும் குறுக்கே போகிறது.

ஒரு எச்சரிக்கை. அப்பலாச்சியன் டிரெயிலின் வழிக்குறி மரத்தில் பூசிய வெள்ளைப் பட்டை. கேம் லேண்டின் எல்லைக் குறியும் மரத்தில் பூசிய வெள்ளைதான். வெள்ளையைப் பார்த்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும் என்று எல்லைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனவர்களை அறிவேன். அவர்கள் நிலத்தைச் சுற்றி வருவார்கள், பாதைக்கு வரமாட்டார்கள். மரத்தில் ஊதா நிறம் பூசியிருந்தால் அது தனியார் நிலம், நுழையாதே என்று பொருள்.

அக்டோபர் 19

'விருந்தாளி' என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன்.

காசு போட்டவருக்கே நிலம் என்னும் வாதம் வேட்டைக்காரர்களிடம் அடிக்கடி கேட்பது. அதில் வலு உண்டு. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் வரி உற்பத்தியாளரிடம் வசூலாகி, மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பாதி, மாநிலத்தின் பரப்பளவைப் பொறுத்தது. மறுபாதி, கட்டணம் கட்டி உரிமம் எடுத்தவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எனவே ஒருவர் 20 டாலர் 97 சென்ட் கட்டி உரிமம் எடுத்தால், அந்தத் தொகையோடு மத்தியப் பங்கு கொஞ்சமும் மாநிலத்துக்கு வந்து சேர்கிறது. நடப்பவர் வாங்கும் காலணிக்கும் பறவை பார்ப்பவர் வாங்கும் இருநோக்கிக்கும் அப்படி எந்த வரியும் இல்லை.

ஆனால் அதே வாதத்தைச் சற்று உரசிப் பார்த்தால் சாயம் போகிறது. கைத்துப்பாக்கி வாங்குவோரில் பெரும்பாலோர் மான் வேட்டைக்காக வாங்குவதில்லை. அவர்கள் கட்டும் வரியும் இதே காட்டுக்குத்தான் வருகிறது. கேம் லேண்டுகளின் அடியில் மார்செல்லஸ் பாறை எரிவாயு இருக்கிறது. அண்மை ஆண்டுகள் சிலவற்றில் எரிவாயுக் குத்தகையும் கனிம உரிமைத்தொகையும் உரிமக் கட்டண வருவாயை மிஞ்சியிருக்கின்றன. 1980களில் 13 லட்சம் அளவுக்கு இருந்த உரிமதாரர்களின் எண்ணிக்கை இப்போது 9 லட்சத்துக்கும் கீழே. எல்லாவற்றுக்கும் மேலே 1971இல் இம்மாநில அரசமைப்பில் சேர்த்த முதல் பிரிவின் 27ஆம் உட்பிரிவு நிற்கிறது: மாநிலத்தின் பொது இயற்கை வளங்கள் இனி பிறக்கப்போகிறவர்கள் உட்பட மக்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்து, மாநிலம் அவற்றின் அறங்காவலர். கேம் கமிஷனும் அதே மாநிலத்தின் உறுப்புதான்.

ஆகவே நாம் விருந்தாளிகள் அல்லர், பின்வரிசையில் உட்காரும் பங்காளிகள் என்றே நான் இப்போது நினைக்கிறேன். வாங்கியவருக்குக் கிடைத்திருப்பது உடைமை அல்ல, முந்துரிமை. எந்த மாதத்தில், எந்த மணியில் அவருக்கு முதலிடம் என்று சொல்வதோடு விதிகளும் நின்றுவிடுகின்றன. மீதி நேரத்தைப் பற்றி அவை நம்மிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. நடப்பவர்களுக்கு எழுதாமல் ஒதுக்கியிருந்த பங்குதான் ஞாயிறு. அதை இந்த ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். அதற்காக வருந்துவதும், கமிஷன் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவதும் முறையானவை. வார நாட்களில் வேலைக்குப் போகிற வேட்டைக்காரருக்குச் சனிக்கிழமை ஒன்றே இருந்தது என்பதும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அழைத்து வர அவருக்கு வேறு நாள் இல்லை என்பதும் அதே அளவு உண்மை. பதின்மூன்று போக மீதி ஞாயிறுகளை இப்போதைக்குத் தொடவில்லை. ஆனால் சட்டம் அவற்றையும் தொட இடம் தருகிறது.

அக்டோபர் 21

"மான்கள் தப்பிக்கட்டும் என்று காட்டில் உரக்கப் பாடிக்கொண்டு போனால் என்ன?" என்று ஒரு சகோதரி கேட்கிறார். பாடுவது குற்றமல்ல, வேட்டையைக் கெடுக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பாடினால் குற்றம். சட்டப்படி நடக்கும் வேட்டையை வேண்டுமென்றே தடுப்பதற்கு இம்மாநிலத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. சாதாரணமாகப் பேசிக்கொண்டு நடப்பவர் மேல் அது பாயாது. உங்கள் நோக்கத்தை இங்கே எழுதிவைத்துவிட்டுப் போய்ப் பாடாதீர்கள்.

மரத்தில் யாரோ கட்டிவைத்த இருக்கையை அவிழ்த்துப் போடுவதையும் சிலர் புண்ணியமாகக் கருதுகிறார்கள். மான் பருவங்களை ஒட்டி, மரத்துக்குச் சேதமில்லாமல், உரிமையாளரின் அடையாளச் சீட்டோடு கட்டி வைக்கலாம் என்பது விதி. அது அவருடைய பொருள். அதே சமயம் இருக்கை கட்டியதாலேயே அந்த இடம் அவருக்குச் சொந்தமாகிவிடாது.

நவம்பர் 9

ஆரஞ்சு பற்றி. வரும் சனிக்கிழமை முதல் இதுதான் முதன்மையான விதி.

நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை கேம் லேண்டுக்குள் கால் வைக்கும் எவரும், வேட்டையாடாவிட்டாலும், பளிச்சிடும் ஆரஞ்சு நிறத் துணி 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாக அணிந்திருக்க வேண்டும். அல்லது முழு ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள்ளலாம். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். முதுகுப்பை மாட்டியவுடன் உடுப்பின் பின்பாதி மறைந்துவிடுகிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. தொப்பியும் போட்டு, பையின் மேலும் ஓர் ஆரஞ்சு உறையை மாட்டிவிட்டால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. நாய்க்கும் ஓர் உடுப்பு வாங்குங்கள். விதி கேட்கவில்லை, பழுப்பு நிற நாய் கேட்கும்.

மானுக்கு நம்மைப் போல் ஆரஞ்சைப் பிரித்தறியும் கண் இல்லை. மனிதருக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்து மானுக்கு மங்கலாகத் தெரிவதால்தான் இரு தரப்புக்கும் இந்த நிறம் ஒத்துப்போகிறது. வெள்ளைக் கைக்குட்டையைக் காட்டில் எடுத்து வீசாதீர்கள், மான் ஓடும்போது நிமிரும் வால் வெள்ளை. வசந்தகாலத்தில் வான்கோழிக்காக வரும்போது சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் தவிர்க்கச் சொல்வார்கள், சேவல் வான்கோழியின் தலையில் அந்த மூன்று நிறங்களும் இருக்கின்றன.

நவம்பர் 10

தேதி நினைவில் நிற்கவில்லை என்பவர்களுக்கு: ஏறக்குறைய கார்த்திகை மாதம் முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி பிறப்பதற்குள் முடிந்துவிடும்.

இதை எழுதியவுடன் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தாம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பதாகவும் நாற்பத்தொரு நாளும் கருப்புதான் உடுத்துவதாகவும் சொன்னார். கருப்பு வேட்டி, கருப்புத் துண்டு, வெறுங்கால், விடியற்காலை நடை: நவம்பர் மாதப் பென்சில்வேனியக் காட்டில் இதைவிட ஆபத்தான உடை இருக்க முடியாது. கரடி வேட்டையும் அந்த மாதத்தில்தான் நடக்கிறது. தொப்பிக்கு விரதத்தில் தடை இல்லை என்று குருசாமியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதாக மாலையில் செய்தி அனுப்பினார். காவி போதாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போதாது. சாயம் போன காவி, காய்ந்த ஓக் இலையின் நிறம்.

நவம்பர் 30

நேற்று துப்பாக்கி மான் பருவம் தொடங்கியது. நெடுங்காலம் நன்றியறிதல் நாளுக்கு அடுத்த திங்களில் தொடங்கிவந்ததை 2019இலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஆனாலும் கிராமப்புறக் கவுண்டிகள் பலவற்றில் அந்தத் திங்கள் பள்ளி விடுமுறையாகவே தொடர்கிறது. இந்த இரண்டு வாரமும் நாங்கள் கேம் லேண்டுக்குப் போவதில்லை. சட்டம் தடுக்கவில்லை, நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம்.

பக்கத்து வீட்டு முதியவர் ஐம்பது ஆண்டுக்கு மேல் வேட்டையாடியவர். நேற்று மாலை வேலியோரம் நின்று பேசியபோது, நடப்பவர்கள் வந்தால் எரிச்சலாக இருக்குமா என்று நேராகவே கேட்டேன். நேரத்தைப் பொறுத்தது என்றார். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து வேட்டை நேரம். அவர் அதற்கும் முன்பே இருட்டில் நடந்து போய் மரத்தில் ஏறி உட்கார்ந்து, உடம்பு விறைக்கக் காத்திருக்கிறார். அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் யாராவது தலையில் விளக்கோடு பேசிக்கொண்டு அடியில் போனால் அன்றைய பொழுது வீண். பத்து மணிக்கு மேல் யாராவது நடந்தால் அவருக்கு அது உதவியும்கூட, ஏனென்றால் புதருக்குள் படுத்துவிட்ட மான்கள் எழுந்து நகரும். மறுபடி மாலை மூன்றரைக்கு மேல் காடு அமைதியாக இருக்க வேண்டும். பத்திலிருந்து மூன்று வரை நடந்துகொள்ளுங்கள் என்று அவர் எனக்கு எழுதித்தராத ஒரு விதியைத் தந்தார். நான் படித்த கையேட்டு விதிகள் எல்லாவற்றையும்விட இது எனக்குப் பயன்படும்.

அவருக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது வேறு: கம்பித் தடுப்பின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுப் போவது. திடல் நிறைந்துவிட்டால் நம்மவர்களும் அதைச் செய்கிறார்கள். தீயணைப்பு வண்டியும் வார்டனின் வண்டியும் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். திடலில் இடமில்லை என்றால் அன்று காட்டிலும் இடமில்லை என்று எண்ணித் திரும்பிவிடுவதே நல்லது.

டிசம்பர் 7

இன்று இப்பருவத்தின் பதின்மூன்றாவது ஞாயிறு. நடப்பவர்களிடமும் கட்டணம் வாங்கிவிட்டால் சச்சரவு தீர்ந்துவிடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கொலராடோ அதைச் செய்து பார்த்தது. 2020 ஜூலை முதல் அங்குள்ள மாநில வனவிலங்கு நிலங்களுக்குள் போகும் பெரியவர் எவரும் வேட்டை உரிமமோ மீன்பிடி உரிமமோ வைத்திருக்க வேண்டும் என்றார்கள். மீனே பிடிக்காதவர்களும் மீன்பிடி உரிமம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே நடப்பவர்களுக்கென்று தனி அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எனக்கு இந்த வழியில் தயக்கம் உண்டு. காசு வாங்கிக்கொண்டால் கழிப்பறை எங்கே, பாதையில் விழுந்த மரத்தை ஏன் அகற்றவில்லை என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டுக் கேட்டு அந்த நிலத்தைப் பூங்காவாக மாற்றிவிடுவோம். வாழிடத்துக்குப் போக வேண்டிய பணம் நடைபாதைக்குப் போகும். ஏற்கனவே 120க்கும் மேற்பட்ட மாநிலப் பூங்காக்கள் இருக்கும் மாநிலத்தில் இது வேண்டாம்.

அதே சமயம் ஒன்றும் தராமல் பின்வரிசைப் பங்காளி என்று சொல்லிக்கொள்வதும் எனக்கு உறுத்துகிறது. ஆகவே இரண்டு வழிகள். முதலாவது, வாத்து வேட்டைக்காரர்கள் வாங்கும் மத்திய அரசின் வாத்து முத்திரை. 1934இல் ஒரு டாலருக்குத் தொடங்கியது, இன்று 25 டாலர். துப்பாக்கி இல்லாதவரும் வாங்கலாம். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. நுழைவுக் கட்டணம் உள்ள தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் அதுவே நுழைவுச் சீட்டு. இரண்டாவது, மாநில வேட்டை உரிமத்தையே எடுத்து வைத்துக்கொள்வது. முதல் முறை எடுப்பவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். வேட்டையாடும் எண்ணம் எனக்கு இல்லை, ஆனால் அந்தப் பயிற்சியை முடிக்கலாம் என்று இருக்கிறேன். தோட்டா எவ்வளவு தூரம் போகும், சரிவின் உச்சியில் நிற்கும் விலங்கை ஏன் சுடக் கூடாது என்பதெல்லாம் அதே சரிவின் மறுபக்கத்தில் நடப்பவனுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. மனைவி இதைக் கேட்டுவிட்டு, "மரக்கறிக்காரருக்கு வேட்டை உரிமம், நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

டிசம்பர் 8

மேலே சொன்ன தேசியப் புகலிடங்களையும் கேம் லேண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிலடெல்பியா விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஜான் ஹெயின்ஸ் புகலிடம் மத்திய அரசுடையது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த அமைப்பில் வேட்டை, மீன்பிடிப்பு, வனவிலங்கு பார்த்தல், படமெடுத்தல், சுற்றுச்சூழல் கல்வி, விளக்கவுரை ஆறும் ஒரே வரிசையில் முன்னுரிமை பெறுகின்றன. அங்கே நாம் பின்வரிசை அல்ல. புகலிடத்தின் நோக்கத்துக்குப் பொருந்தாது என்று பொறுப்பாளர் முடிவு செய்தால் ஆறில் எதுவும் நிற்கும், வேட்டை உட்பட.

டிசம்பர் 16

"நேற்றோடு ஆரஞ்சு முடிந்தது, இனி பழைய உடுப்பில் போகலாமா?" என்ற கேள்வி காலையிலிருந்து நான்கைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது.

கட்டாயம் முடிந்தது, வேட்டை முடியவில்லை. டிசம்பர் 26 அன்று பழங்காலச் சக்கிமுக்கித் துப்பாக்கி மான் பருவம் தொடங்கி ஜனவரிக்குள் போகும். வில் வேட்டையும் அணில், முயல் வேட்டையும் கூடவே நடக்கும். விடுமுறை என்பதால் நம் குடும்பங்களும் அந்த வாரத்தில்தான் கிளம்புகின்றன. தொப்பியைப் பெட்டிக்குள் போடாதீர்கள். குழுவாகப் பெரிய அளவில் நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தால், பொங்கல் நடை என்று ஒருவர் திட்டமிடுவது தெரிகிறது, முன்கூட்டியே கமிஷனின் வட்டார அலுவலகத்துக்கு எழுதி அனுமதி தேவையா என்று கேளுங்கள். பானை வைத்துப் பொங்க வேண்டும் என்றால் மாநிலப் பூங்காவில் ஒரு கூடாரக் கொட்டகையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கே அடுப்பும் உண்டு, மேசையும் உண்டு.

முதலில் கேள்வி கேட்டவருக்கு: உங்கள் மூத்தவரிடம் இந்த இழையைக் காட்டிவிட்டீர்கள் என்றும் அவர் இன்னும் நம்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் ஒரு ஆரஞ்சுத் தொப்பி வாங்கிக் கொடுங்கள். நம்பிக்கை பிறகு வரட்டும்.